இந்த மொறம் ஆவட்டும்

சித்தூர்
1937 பிப்ரவரி 22

என் பிரியமான புருஷர் அவர்களுக்குத் தபீதாள் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று முதலில் எழுத வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சுகமில்லாதவள் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிக் கொடுப்பதற்குள் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் பாகாலாவுக்குத் திரும்பிப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. ரயில்வே லைன் வீடு கிடைத்துவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெயசீலிக்கு ஐந்து வயது முடிந்ததும் மூன்று பேரும் போவோம் என்று கேட்டு வைத்த வீடு அது. அதற்குள் இரண்டு பேராகப் போய் நுழைய எனக்குக் கால் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அவள் மண் ஒரு சாண் இறங்கிவிட்டது. கொத்திச் சரிசெய்து, ஆடு ஏறாமல் முள் வெட்டிப் போட்டிருக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றே. "காலைல நல்லாத்தான இருந்தா பொண்ணு, அதுக்குள்ள இன்னா ஆச்சு?" நானும் சொன்னதையே சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் அந்தப் பாதையில் தானாகப் போகிறது.

போன திங்கள்கிழமையிலிருந்து மறுபடியும் பிடியரிசியில் கல் பொறுக்கப் போகிறேன். நம் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்முன் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அதில் ஒரு குறைவும் இல்லை. என் வீட்டில் ஒன்று போனதற்காக ஊரில் உலை நிற்குமா? பாதிரி ஐயர் சம்சாரம் கிருபாவதி அம்மா, "ஒடம்பு முடிஞ்சா வா, இல்லன்னா வாணாம்" என்றார்கள். முடிந்தது, போனேன்.

நேற்றைக்கு முந்தின நாள் ஒன்று நடந்தது. காலையில் முறத்தை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வெயில் எதிர்ச்சுவர் ஏறிவிட்டது. அரைநாள் போயிருக்கிறது. அந்த அரைநாள் நான் அழவில்லை. அவளை நினைக்கவும் இல்லை. நினைப்பு திரும்ப வந்தபோது, சாமான் எதையோ வழியில் விட்டுவிட்டு வந்தவள் போல் நெஞ்சு அடித்துக்கொண்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சிக்னல் விளக்குக் கம்பத்தில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.

தங்கள் பாரியாள்,
தபீதாள்


பாகாலா
1937 மார்ச் 1

பிரியமான தபீதாளுக்கு, கிருபானந்தம் எழுதுவது.

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் உன் சமாசாரம் வந்துவிட்டது. போர்ட்டர் முனிரத்தினம் சித்தூருக்குப் போய்விட்டு வந்தான். வந்ததும் நேரே லாம்ப் ரூமுக்கு வந்து சொல்கிறான். "அண்ணே, உங்க வூட்டம்மாவப் பாத்தேன். வேதக்கோயிலாண்ட குந்திக்கினு அரிசி பொறுக்கிக்கினு இருந்தாங்க. ஏதோ பாட்டு வேற முணுமுணுத்துக்கினு. கூப்ட்டேன், காதுலயே விழல. தேறிட்டாங்கண்ணே, இனிமே கவலப்படாத."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவன் போனபிறகு நான் ஒரு விளக்குக் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தேன்.

பிள்ளையைப் புதைத்து ஒரு மாசம் ஆகிறது. என்ன பாட்டு அது?

இங்கே என் கதையைக் கேள். திருப்பதியிலிருந்து வருகிற வண்டி நிற்கும்போதெல்லாம் ஜன்னலில் பிள்ளைகள் மொட்டைத் தலையோடு எட்டிப் பார்க்கிறார்கள். எந்தத் தலையைப் பார்த்தாலும் அதன் கீழே அவள் முகத்தை வைத்துப் பார்க்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் ரங்கையா நல்ல மனுஷன். "ஏமய்யா கிருபானந்தம், சோறு துன்னியா இல்லையா?" என்று தினமும் கேட்கிறார். துன்னேன் சார் என்கிறேன். பாதி நாள் பொய்.

நீ அரைநாள் மறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அரை நிமிஷம் மறக்கவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர். வீடு ஒரே அறைதான், கிணற்றுத் தண்ணீர் சப்பென்று இருக்கும். ஆனாலும் நாம் இரண்டு பேரும் ஒரு இடத்தில் இருந்து அழலாம்.

கிருபானந்தம்


சித்தூர்
1937 மார்ச் 7

என் பிரியமான புருஷர் அவர்களுக்குத் தபீதாள் எழுதுவது.

நான் முணுமுணுத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடியிருப்பேன். முனிரத்தினம் கூப்பிட்டதும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அதனால் நடந்ததுதான்.

அது எப்படி வருகிறது என்று எழுதிப் பார்க்கிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

முதல் முறத்தில் ஒன்றும் இல்லை. மனசு வீட்டுக்கும் கல்லறைக்கும் ஓடி ஓடி வரும். கை மட்டும் வேலை செய்யும். இரண்டாவது முறத்தில் கண் ஒரு இடத்தில் நிற்க ஆரம்பிக்கும். பிடியரிசி கடை அரிசி மாதிரி இல்லையே. ஐம்பது வீட்டு அரிசி கலந்து கிடக்கும். கம்பவுண்டர் வீட்டுப் பச்சரிசி பல்லுப்பல்லாக வெள்ளையாக இருக்கும். சேரிப்பக்கத்து வீடுகளில் கூலிக்கு அளந்த சிவப்பரிசி குட்டையாக இருக்கும். அதில்தான் கல் குறைவு, அவர்கள் ஒருதரம் பொறுக்கித்தான் ஆண்டவருக்குப் போடுகிறார்கள். உபதேசியார் நேசகுமார் வீட்டிலிருந்து வருவது முழுக்க நொய். "உபதேசியார் வூட்டு அரிசிய கோழிக்குப் போட்டா, கோழியே நம்மள ஒரு பார்வ பாக்கும்" என்று கிருபாவதி அம்மா சொன்னார்கள். அன்றைக்குச் சிரித்தேன். பிள்ளை போனபிறகு முதல் சிரிப்பு. அதையும் உங்களுக்கு மறைக்கவில்லை.

அப்புறம் மூன்றாவது முறத்தில் கல்லை நான் தேடுவதில்லை. அது தானாகத் தெரியும். விரல் போகும், எடுக்கும், ஓரத்தில் தள்ளும். நெல் ஒரு பக்கம், கருக்காய் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். தட்டி ஒரு புடை புடைத்தால் எல்லாம் இடம் மாறி, மறுபடி புதிதாகக் கிடக்கும். அதற்குப் பிறகு தபீதாள் என்று ஒருத்தி அங்கே இல்லை. பசியும் இல்லை, இடுப்பு வலியும் இல்லை. சந்தோஷம் என்று எழுத பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சின்னப் பிள்ளையிலிருந்தே எனக்கு அப்படித்தான். புளி கொட்டை எடுத்தாலும், சாணி மெழுகினாலும் அப்படியே போய்விடுவேன். "எருமைக்குப் பொறந்தவளே, காது கேக்கல?" என்று அம்மா தலையில் தட்டித்தான் எழுப்புவாள்.

போன ஞாயிறு ஐயர் பிரசங்கத்தில் என் பேரைச் சொன்னார். தன் துக்கத்திலும் தபீதாள் ஊழியத்தை விடவில்லை, எல்லாரும் அவளைப் பாருங்கள் என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு சுலோசனா, "நல்ல மனசு ஒனக்கு, எம்மாம் சீக்கிரம் ஆறிப் போச்சு பாரு" என்றாள். ஐயரைவிட அவள் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

எழுத வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கை வரவில்லை.

தங்கள் பாரியாள்,
தபீதாள்


பாகாலா
1937 மார்ச் 11

தபீதாளுக்கு. என்ன அது? இந்தக் கார்டு கண்டதும் எழுது. பிள்ளையைப் பற்றியதானால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் அவள் நைனா.

கிருபானந்தம்


சித்தூர்
1937 மார்ச் 15

என் புருஷர் அவர்களுக்குத் தபீதாள் எழுதுவது.

கார்டில் எழுதினால் தபால்காரரும் படிப்பார். நான் கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

பிள்ளை காலையில் நன்றாக இருந்தாள் என்று உங்களுக்கும் ஊருக்கும் சொன்னேன். அது பொய்.

வியாழக்கிழமை சாயங்காலமே, "அம்மா, தொண்டைல முள்ளு கீது" என்றாள். சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் கொடுத்தேன். பாதி துப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் உடம்பு சுட்டது. ஞாயிறு அறுப்புப் பண்டிகை. மூன்று மூட்டை பிடியரிசி வெள்ளி சாயங்காலத்துக்குள் ஆக வேண்டும், போர்டிங் பிள்ளைகளுக்குப் பண்டிகைச் சோறு அதில்தான். சுலோசனா துணைக்கு வருவதாகச் சொல்லி வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அரிசி அறையில் காலிச் சாக்கை விரித்து, மூலையில் படுக்க வைத்தேன். "தூங்கு கண்ணு, இதோ ஆச்சு" என்றேன்.

அப்புறம் போய்விட்டேன். போன கடிதத்தில் எழுதினேனே, அப்படி.

அவள் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவது போல் கேட்டது. "அம்மா, தண்ணி." நான் தலையைத் தூக்காமல், "இந்த மொறம் ஆவட்டும்" என்றேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அதையே சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியவில்லை. அந்த முறம் ஆயிற்று. அடுத்ததை நிரப்பினேன். அதை நான் நிரப்பினது எனக்குத் தெரியாது.

நிமிர்ந்தபோது கூப்பிடுகிற சத்தம் இல்லை. அதனால்தான் நிமிர்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. உதடு நீலமாக இருந்தது. மூச்சு ஊதல் ஊதுவது போல் இழுத்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்து, தொண்டைக்குள் தோல் மாதிரி படர்ந்து அடைத்துவிட்டது என்றார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்கள். இப்போதுதான் அம்மா என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. காலையிலேயே வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்று நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார்கள். நீங்கள் சாயங்கால வண்டியில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதைவிடக் கெட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. அவள் மூலையில் கிடந்து கூப்பிட்ட அந்த நேரம், எனக்கு மனசு நிறைந்து இருந்தது. அன்றைக்கு அரிசி அவ்வளவு நன்றாக வந்தது.

அதே அறையில், அதே முறத்தில்தான் இப்போதும் உட்காருகிறேன். ஊழியம் என்கிறார்கள். கள்ளுக்கடைக்குப் போகிறவன் போல் நான் போகிறேன். அங்கே மட்டும்தான் அவள் கூப்பிடுவது நிற்கிறது.

இனி உங்கள் இஷ்டம்.

தபீதாள்


பாகாலா
1937 மார்ச் 23

தபீதாளுக்குக் கிருபானந்தம் எழுதுவது.

மூன்று நாள் ஜுரம் என்று சொல்லிப் படுத்தேன். ரங்கையா சார் கஞ்சி அனுப்பினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னை மன்னித்தேன் என்று எழுதினேன், கிழித்தேன். மன்னிக்க மாட்டேன் என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். அன்று நான் ஊரில் இருந்திருந்தால் என்று யோசித்தேன். நான் இருந்திருந்தால் அவள் என்னைக் கூப்பிட்டிருப்பாள். நான் எழுந்திருப்பேன்.

ஆனாலும் நீ என் பெண்சாதி. ஆண்டவர் முன்னால் கைபிடித்தேன். உன்னைத் தெருவில் விடுகிறவன் நான் இல்லை. ஈஸ்டர் முடிந்து வா. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும். இங்கே நீ முறத்தைத் தொடக்கூடாது. அரிசி நான் பொறுக்குகிறேன், ட்யூட்டிக்குப் போகும்முன் செய்துவிடுவேன். வீடு மெழுக, பாத்திரம் துலக்க ஒரு பெண்பிள்ளையைப் பேசி வைத்திருக்கிறேன். உலை மட்டும் நீ வை. மற்ற நேரம் சும்மா இரு. உன் கை ஓயட்டும். நீ எங்கேயும் போகாமல் என்னோடு இரு. நான் எதைத் தாங்குகிறேனோ அதை நீயும் தாங்கு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

கிருபானந்தம்


சித்தூர்
1937 ஏப்ரல் 24

பாகாலா லாம்ப் ரூம் கிருபானந்தம் அவர்களுக்குத் தபீதாள் எழுதுவது.

நீங்கள் ட்யூட்டியில் இருந்தபோது சொல்லாமல் காட்பாடி பாசஞ்சரில் ஏறி வந்தது தப்பு. ஏறும்போது முனிரத்தினம் பார்த்தார். "இன்னா அண்ணி, மூட்டையோட?" என்றார். ஊருக்கு ஒரு தரம் போய் வருகிறேன் என்றேன். உங்களைத் தேட வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

ஈஸ்டர் முடிந்து அங்கே வந்து பதினேழு நாள் நீங்கள் சொன்னபடி இருந்தேன். ஒரு நாளும் மீறவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நீங்கள் அவசரமாகப் பொறுக்கிய அரிசியில் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கல் இருந்தது. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கல்லை மென்று விழுங்கினோம். ஒரு நாள் துடைக்க வேண்டிய விளக்குக் கண்ணாடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தீர்கள். என்னை அறியாமல் முந்தானையால் அதை எடுத்தேன். "அத வெச்சிடு" என்று என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். உங்கள் விரல் என் மேல் படாமல் பிடுங்கினீர்கள்.

அங்கே அவள் நிற்காமல் கூப்பிட்டாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும், தண்ணி தண்ணி என்று. நான் அழும்போது உங்கள் முகம் இளகியது. அப்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் கொஞ்சம் ஓய்ந்து வெளியே வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இன்னா யோசன?" என்று கேட்டீர்கள். நான் அவளை விட்டுப் போய்விட்டேனா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. எனக்குப் புரிந்தது. உங்கள் மேல் தப்புச் சொல்லவில்லை.

ஒன்று நீங்கள் அறியமாட்டீர்கள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு லாம்ப் ரூமுக்கு வந்தேன். நீங்கள் குனிந்து ஒரு திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தீர்கள். "என்னாங்க" என்றேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திரியைச் சமமாக வெட்டி, கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு ஓரத்தில் இருந்த புகையைத் துணிநுனியால் சுற்றிச் சுற்றி எடுத்தீர்கள். அந்த முகத்தை நான் கல்யாணமான வருஷத்தில் பார்த்தது. அதில் ஜெயசீலி இல்லை, நான் இல்லை, துக்கம் இல்லை. வெறும் கண்ணாடி மட்டும் இருந்தது. சோற்றுத் தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் நீங்கள், "சோறு எப்ப வந்துதுன்னே தெரியல" என்றீர்கள்.

அரை நிமிஷம் மறக்கவில்லை என்று எழுதினீர்களே, அதைப் பொய் என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது. எனக்குக் கோபமும் வரவில்லை. இவருக்கு இதுவாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். உங்கள் வேலை யாரையும் சாகவிடவில்லை, என் வேலை விட்டது. அதனால் உங்களுக்கு உண்டு, எனக்கு இல்லை என்பது நியாயம்தான். அந்த நியாயத்துக்குள் என்னால் உயிரோடு இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

வந்ததும் கிருபாவதி அம்மாவிடம் போய் நடந்ததை முழுதும் சொன்னேன். அவர்கள், "இத்த நீ எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்டி" என்று அழுதார்கள். ஐயருக்கும் சொல்லியாயிற்று. இனி என் பேர் பிரசங்கத்தில் வராது. சுலோசனாவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் இப்போது என் பக்கம் திரும்புவதில்லை. இரண்டு வீட்டார், என் கை பட்ட அரிசி வேண்டாம் என்று பிடியரிசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். அரிசி அறைச் சாவியை மட்டும் கிருபாவதி அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

உங்களிடம் திரும்ப மாட்டேன். வேறு பெண்ணைக் கட்டச் சபை இடம் கொடுக்காது என்று தெரியும், அந்தப் பாவமும் என்னோடு சேரட்டும். கல்லறையில் முள் மாற்றிவிட்டேன். நீங்கள் வரும்போது பார்க்கலாம். நான் எதிரில் வந்தால் பேச வேண்டியதில்லை.

நான் ஊரில் இல்லாத வாரங்களின் அரிசி மூன்று மூட்டை நிற்கிறது. இப்போது போகிறேன். இரண்டாவது முறத்தில் உங்களையும் மறந்துவிடுவேன். சொல்லாமல் மறப்பது துரோகம் என்று பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தபீதாள்